அசைவின் நடுவே ஓர் அசையாப் பொருள்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே பிரிந்து, பாளையக்காரர் காலத்திலிருந்தே பெயர் பெற்ற கன்னிவாடியை அடைந்து நிற்பவருக்கு, மக்காச்சோளமும் முருங்கையும் பருத்தியும் விளையும் சமவெளி அங்கே முடிந்து, பழனிமலைத் தொடரின் கீழ்மலைகள் எழத் தொடங்குவது கண்ணில் படும். அந்தத் தொடரின் உச்சிப் பகுதியில், கடல்மட்டத்துக்கு மேல் 2343 மீட்டர் உயரத்தில், கோடைக்கானலில் சூரியனை ஆராயும் வானாராய்ச்சி நிலையம் இருப்பதைப் பலரும் அறிவர். ஆனால் 1899-ஆம் ஆண்டில், அந்த நிலையம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, வானத்தை நோக்கும் கருவிகளோடு பூமியின் நடுக்கத்தைப் பதியும் கருவி ஒன்றும் அந்த மலையுச்சியில் நிறுவப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே. யந்திரங்களை அதிர்விலிருந்து எவ்வாறு காப்பாற்றுவது என்ற நம்முடைய கேள்விக்கு, விந்தையாகத் தோன்றினாலும், விடை தொடங்கும் இடம் அந்தக் கருவிதான்.

1897 ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாம், ஷில்லாங் பிரதேசத்தை உலுக்கிய பெரும் பூகம்பத்துக்குப் பின், இந்தியாவில் நிலநடுக்கங்களை முறையாகப் பதிவுசெய்ய வேண்டியதன் அவசியம் உணரப்பட்டு, 1898-இல் கல்கத்தாவை அடுத்த அலிப்பூரிலும் பம்பாயின் கொலாபாவிலும், மறு ஆண்டில் கோடைக்கானலிலும் மில்ன் கருவிகள் நிறுவப்பட்டன. ஜப்பானில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, அந்நாட்டின் ஓயாத நிலநடுக்கங்களையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்ட ஆங்கிலேயர் ஜான் மில்ன் வகுத்த கருவி அது. 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர், பாலக்காட்டுப் பகுதியில் தோன்றித் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்ட நடுக்கத்தை நினைத்தால், தென்னாட்டு மலையுச்சியில் அத்தகைய காவல் ஒன்றை வைத்தவர்களின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டாமலிருக்க முடியாது.

பூமியின் அசைவை அளக்க விரும்புகிறவனுக்கு முதலில் எதிர்ப்படும் சங்கடம் இது: அவன் நிற்கும் தரையும், கருவியை வைத்த மேசையும், மேசையைச் சூழ்ந்த சுவரும் எல்லாமே சேர்ந்து அசைகின்றன, எதைக் கொண்டு எதை அளப்பது? அசைவை அறிய வேண்டுமானால் அசையாத ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளைப் பூமியோடு பிணைத்தால் அது பூமியோடு அசையும். பிணைக்காமல் விட்டால் கீழே விழும். பிணைத்தும் பிணைக்காமலும் இருக்கிற ஓர் உபாயத்தையே மில்ன் கையாண்டார். கீல்கள் நேர்குத்தாக இல்லாமல் இம்மியளவு சாய்ந்திருக்கும் கதவு தன் நிலைக்கு எவ்வளவு சோம்பலாகத் திரும்புகிறதோ அவ்வளவு சோம்பலாக, ஒரு தூணோடு இணைந்த படுக்கைத் தண்டும் அதன்மேல் அமைந்த எடையும் ஏறக்குறைய 15 விநாடிக்கு ஒருமுறை ஊசலாடும்படி அவர் அமைத்தார். சாதாரண ஊசலைக் கொண்டு இந்த மந்தகதியைப் பெற வேண்டுமானால் 56 மீட்டர் நீளமுள்ள கயிறு வேண்டும். மில்ன் அதை மேசைமேல் வைக்கும் அளவுக்குள் அடக்கிவிட்டார். தரை அதைவிட விரைவாக இப்படியும் அப்படியும் ஆடும்போது, எடையானது அந்த ஆட்டத்தைப் பின்தொடர அவகாசமின்றித் தன் ஸ்தானத்திலேயே நிற்கிறது. நகரும் புகைப்படத் தாளின்மேல் விழும் ஒளிப்புள்ளி, நிற்கும் எடைக்கும் ஆடும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோடாக வரைகிறது.

இப்பொழுது அந்தத் தாளையும் ஒளியையும் எடுத்துவிட்டு, எடையின் இடத்தில் நாம் காப்பாற்ற விரும்பும் ஒரு நுண்ணிய உபகரணத்தை வைத்துப் பாருங்கள். தரை ஆடுகிறது, உபகரணம் நிற்கிறது. அதிர்வு காப்பான் என்று நாம் அழைப்பது, பதிவுசெய்யும் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பூகம்பமானியைத் தவிர வேறொன்றில்லை. அளக்கும் கருவியும் காக்கும் கருவியும் ஒரே பௌதிக விதியின் இரண்டு பிரயோகங்கள் என்ற இந்த உண்மையை நன்றாக மனத்தில் இருத்திக்கொண்டால், இந்தத் துறையில் கடந்த நூறாண்டுக்கு மேலாக நடந்துவந்த முயற்சிகள் எல்லாம் ஒரே நூலில் கோத்தவையாகத் தெரியும்.

அந்த விதியைச் சற்று விரித்துரைப்போம். வில்லின்மேல் நிற்கும் எந்தப் பொருளுக்கும், தட்டிவிட்டால் தானாக ஆடும் ஒரு சொந்த வேகம் உண்டு. அதை இயல்பு அதிர்வெண் என்பார்கள். தரை அந்த வேகத்தைவிட மிக மெதுவாக ஆடினால் பொருளும் தரையோடு சேர்ந்தே ஆடும். இரண்டும் ஒத்துவிட்டால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதன்மேல் ஏறி, பொருளின் ஆட்டம் தரையின் ஆட்டத்தைப் போலப் பல மடங்காகப் பெருகும், இதுவே ஒத்ததிர்வு. தரையின் வேகம் இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்கைத் தாண்டிய பிறகுதான் காப்பு என்பது தொடங்குகிறது. அதற்குக் கீழே இருக்கும்வரை, காப்பான் வைத்த உபகரணம் வைக்காத உபகரணத்தைவிட மோசமான நிலையில் இருக்கிறது. ரப்பர்த் துண்டு ஒன்றை அடியில் செருகிவிட்டால் அதிர்வு குறைந்துவிடும் என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இந்தக் கணக்கை அறியாமையால்தான்.

ஆகவே மென்மையான வில்லே நல்லது என்று தோன்றும். ஆனால் மென்மைக்கும் ஒரு விலை உண்டு. வில் மென்மையாக ஆக, அதன்மேல் வைத்த பாரம் அதை அமுக்கித் தாழ்ந்துபோகிறது. இயல்பு அதிர்வெண் விநாடிக்கு 5 ஆக இருக்க வேண்டுமானால் பாரம் 1 சென்டிமீட்டர் அமிழ வேண்டும்; விநாடிக்கு 1 ஆக வேண்டுமானால் 25 சென்டிமீட்டர் அமிழ வேண்டும். மில்ன் தம் எடையைத் தொங்கவிடாமல் படுக்கவைத்த சாமர்த்தியத்தின் அருமை இந்த எண்களைப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

கன்னிவாடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ளவர்களுக்கு இந்த விஷயம் ஏட்டுச் சுரைக்காயன்று. திண்டுக்கல் வட்டாரம் நூற்பாலைகள் நிறைந்தது. மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆலைகளிலும் திருமண மண்டபங்களிலும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடாத நாளில்லை. அந்த ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்றுச் சுழல்கிறது. அதன் அதிர்வில் பத்தில் ஒரு பங்குதான் தரைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அடியிலுள்ள ரப்பர் மவுண்டிங்கின் மேல் அதன் இயல்பு அதிர்வெண் விநாடிக்கு ஏழரை அளவில் இருக்க வேண்டும். அப்போது ரப்பர் நாலரை மில்லிமீட்டர் அளவுக்கு அமிழ்ந்திருக்கும். சீராக ஓடும்போது எல்லாம் சுகமாகவே இருக்கிறது. நிறுத்தும் நேரத்தில் கவனியுங்கள்: வேகம் இறங்கி இறங்கி நிமிடத்துக்கு 450 சுற்றுக்கு வந்ததும், அதுவரை அடக்கமாக இருந்த அந்தப் பெரிய யந்திரம் திடீரென்று உடம்பெல்லாம் குலுங்கி, பிறகு ஓய்கிறது. தொடங்கும்போதும் அதே எல்லையைக் கடந்துதான் ஆக வேண்டும். காப்பு எல்லைக்குப் போகும் வழி ஒத்ததிர்வின் வழியாகவே செல்கிறது.

இந்தக் குலுக்கலை அடக்க நெடுநாளாக அறியப்பட்ட மருந்து தணிப்பு. அசைவின் சக்தியை உராய்வாகவோ எண்ணெயின் இழுவையாகவோ வெப்பமாக்கிக் கழித்துவிடுவது. நம் முன்னோர் பயணம் செய்த வில்வண்டியின் எஃகுப் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து இந்த வேலையைத் தாமே செய்தன. மில்ன் கருவியில் தணிப்பு ஏறக்குறைய இல்லை. ஆதலால் பூகம்பம் ஓய்ந்த பின்னும் அது தன் சொந்தத் தாளத்தில் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்க, தாளிலுள்ள கோட்டில் பூமி பேசியது எது, கருவி பேசியது எது என்று பிரிப்பது கஷ்டமாயிற்று. ஜெர்மனியில் கொட்டிங்கன் நகரத்து எமில் வீகெர்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூகம்பமானிக்குத் தணிப்பைச் சேர்த்தார். நவீன பூகம்பவியல் அங்கிருந்துதான் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியது என்று சொல்லலாம்.

ஆனால் காப்பானுக்கு இந்த மருந்து முழுக்க நன்மை செய்வதில்லை. தணிப்பு மிகக் குறைவாக உள்ள ஒரு ரப்பர் மவுண்டிங்கை எடுத்துக்கொள்வோம்: ஒத்ததிர்வின்போது அது அதிர்வைப் பத்து மடங்காக்குகிறது, முழு வேகத்தில் ஓடும்போது பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. தணிப்பைப் பத்து மடங்கு கூட்டினால், ஒத்ததிர்வில் பெருக்கம் ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதே சமயத்தில், முழு வேகத்தில் பத்தில் ஒன்றாக இருந்தது மூன்றில் ஒன்றாக ஏறிவிடுகிறது. குலுக்கலை அடக்கிய அதே எண்ணெய், சீரான ஓட்டத்தில் தரைக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஒரு பாலமாக நின்று அதிர்வைக் கடத்துகிறது. ஒரு நிமிஷம் வேண்டுவது மறு நிமிஷம் வேண்டாததாகிறது. எந்த மாறாத பொருளாலும் இந்த இரண்டையும் ஒருங்கே திருப்திசெய்ய முடியாது. இந்த முட்டுக்கட்டைதான், வேளைக்கேற்பத் தணிப்பை மாற்றிக்கொள்ளும் தகவமையும் காப்பான்களைப் பிறப்பித்தது.

இதே முட்டுக்கட்டையின் சிறு வடிவம் ஒன்று, நம் நூற்பாலைகளில் ஒவ்வொரு கதிரின் அடியிலும் இருக்கிறது. ரிங் பிரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று, அதாவது விநாடிக்கு 300 சுற்று வரை சுழலும். நூல் ஏற ஏற அதன்மேலுள்ள பாபினின் எடையும் சமநிலையும் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்பிண்டிலின் அடிமுனையைத் தாங்கும் போல்ஸ்டருக்குள் எண்ணெயில் தோய்ந்த ஒரு சுருள் தகட்டை வைத்து, அதன் மடிப்புகளுக்கிடையே பிதுங்கும் எண்ணெயால் ஆட்டத்தைத் தணிக்கிறார்கள். மாறும் எடைக்கு மாறாத தணிப்பு. ஒரு நடுத்தரமான சமரசம். லட்சக்கணக்கான ஸ்பிண்டில்களுக்கு மலிவாக வேண்டிய இடத்தில் அந்தச் சமரசம் நியாயமானதே.

அதிர்வு போக, அதிர்ச்சி என்பது வேறொரு ஜாதி. அது திரும்பத் திரும்ப வருவதன்று, ஒரே அடி. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு பெட்டி 1 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் உபகரணம் தன் எடையைப் போல நூறு மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். 10 சென்டிமீட்டரில் நின்றால் பத்து மடங்கே. அதிர்ச்சியைக் காப்பதென்பது நிற்பதற்கு இடம் கொடுப்பதுதான். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 கலத்தின் கால்களுக்குள், அலுமினியத்தாலான தேன்கூட்டு அமைப்பு நசுங்கி அந்த இடத்தைக் கொடுக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி அதை வகுத்திருந்தார்கள். அது ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். சந்திரனில் ஒருமுறைதான் இறங்க வேண்டும் என்பதால் அதுவே போதும். குண்டும் குழியுமான சாலையில் ஓடும் வாகனத்துக்கோ அடுத்த அடி எப்போதும் காத்திருக்கிறது.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் டீன் கார்னாப்பும் அவருடைய சகாக்களும் இந்தச் சிக்கலை ஒரு புதிய கோணத்திலிருந்து நோக்கினார்கள். தணிப்பானின் ஒரு முனை பொருளிலும் மறுமுனை ஆடும் தரையிலும் இருப்பதால்தான் அது தரையின் ஆட்டத்தைக் கடத்துகிறது. மறுமுனையை ஆடாத ஆகாயத்தில் மாட்ட முடியுமானால், பொருளின் ஆட்டம் மட்டுமே தணிந்து, தரையிலிருந்து எதுவும் கடந்து வராதே! ஆகாயத்தில் கொக்கி கிடையாது. ஆனால் கொக்கி இருந்தால் நடப்பதைப் போல நடந்துகொள்ளும்படி சாதாரணத் தணிப்பானையே ஆட்டுவிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். பொருள் மேலே எழும்போது தணிப்பான் நீண்டுகொண்டிருந்தால், அதன் விசை பொருளைக் கீழே இழுத்து அடக்கும். அப்போது அதை இறுக்க வேண்டும். பொருள் மேலே எழும்போதே தரை அதைவிட விரைவாக எழுந்து தணிப்பான் சுருங்கிக்கொண்டிருந்தால், அதன் விசை பொருளை இன்னும் மேலே தள்ளும். அப்போது அதைத் தளர்த்திவிட வேண்டும். கீழிறங்கும்போதும் இதே நியாயம். விநாடியில் நூறு தடவை வேண்டுமானாலும் இந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்ப வழங்கினால் போதும். யந்திரத்தைத் தள்ளுவதற்கென்று பெரிய மோட்டார் எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் பொருள் மேலே எழுகிறது என்று எதை வைத்துச் சொல்வது? தரையை வைத்துச் சொல்ல முடியாது, தரையே ஆடுகிறது. ஆகவே பொருளின்மேல் ஒரு சிறிய அசைவுணர்வியைப் பொருத்துகிறார்கள். அதனுள்ளே ஒரு நுண்ணிய எடை, நுண்ணிய வில்லின்மேல், சூழ உள்ளவற்றின் அசைவுக்கு உடன்படாமல் நிற்க முயல்கிறது. மில்ன் கோடைக்கானலுக்கு அனுப்பிய அதே எண்ணம் விரல்நகத்தைவிடச் சிறியதாகி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் அளக்கும் கருவியும் காக்கும் கருவியும் ஒரே விதியின் இரு பிரயோகங்கள் என்றோம். தகவமையும் காப்பானில் அவை இரண்டும் ஒரே உடம்பில் கூடி, ஒன்று மற்றொன்றுக்கு ஆலோசனை சொல்லுகிறது.

விநாடிக்குள் பல தடவை இறுகவும் தளரவும் கூடிய தணிப்பானைச் செய்வது எப்படி? எண்ணெய் செல்லும் துளையை வால்வினால் திறந்து மூடுவது ஒரு வழி. அதைவிட அழகான வழியை 1948-ஐ ஒட்டி அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தைச் சேர்ந்த ஜேக்கப் ராபினோ காட்டினார். சில மைக்ரான் அளவுள்ள இரும்புத் துகள்களை எண்ணெயில் கலந்தால் கிடைக்கும் கரிய திரவம், காந்தப் புலம் இல்லாதபோது சாதாரண எண்ணெய்போல் ஓடுகிறது. புலம் பட்டதும் துகள்கள் புலத்தின் திசையில் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, சில மில்லி விநாடிகளுக்குள் திரவம் களிம்புபோல் இறுகிவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் மீண்டும் இளகுகிறது. பிஸ்டனுக்குள் ஒரு கம்பிச் சுருளை வைத்து, எண்ணெய் செல்லும் இடுக்கின் குறுக்கே காந்தப் புலத்தை எழுப்பினால், அசையும் உறுப்பு எதுவுமில்லாத வால்வு ஒன்று கிடைத்துவிடுகிறது. இரும்பு எண்ணெயைவிடப் பல மடங்கு கனமாதலால் துகள்கள் அடியில் படிந்துவிடுவதும், அவை உரசி அடைப்பு வளையங்களைத் தேய்ப்பதும் நெடுங்காலம் தொல்லை கொடுத்தன. கண்டுபிடிப்புக்கும் கடைத்தெருவுக்கும் இடையே அரை நூற்றாண்டு சென்றதற்கு இவையும், விரைந்து தீர்ப்புச் சொல்லும் மலிவான மின்னணுச் சில்லு அன்று இல்லாமையும் காரணம். 2001-இல் டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகக் கட்டடத்திலும், அடுத்த ஆண்டு சீனாவின் டோங்டிங் ஏரிப் பாலத்துக் கம்பிகளிலும் இந்தத் திரவம் வேலைக்கு வந்தது. 2002-இல் அமெரிக்கக் காடிலாக் காரிலும் ஏறியது.

மறுபடியும் கோடைக்கானலுக்குப் போவோம். அங்கே 1960 முதல் பணிபுரியும் சுரங்கத் தொலைநோக்கியில், கோபுரத்தின்மேல் சுழலும் கண்ணாடி சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்ப, 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் 38 சென்டிமீட்டர் வில்லை ஒன்று 34 சென்டிமீட்டர் விட்டமுள்ள சூரிய பிம்பத்தை விழச் செய்கிறது. கண்ணாடி ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு சாய்ந்தால் போதும்; பிம்பம் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 1909-இல் அதே நிலையத்தில் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு புறநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தபோது நம்பியிருந்ததும், நிறமாலைக் கோடுகளின் இம்மியளவு விலகலைத்தான். அசையாமை என்பது வானவியலுக்கு ஓர் அலங்காரமன்று, அதுவே பார்வை.

இந்தத் தேவை எந்த எல்லைவரை போகும் என்பதை அறிய, ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ நிலையங்களைப் பார்க்க வேண்டும். 4 கிலோமீட்டர் நீளமுள்ள கைகளின் முனைகளில் தொங்கும் 40 கிலோகிராம் கண்ணாடிகளின் இடைவெளியில், ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கையும்விடச் சிறிய மாற்றத்தை அவை உணர்கின்றன. அந்தக் கண்ணாடி நான்கு அடுக்கு ஊசல்களின் கடைசியில், மயிரிழை போன்ற சிலிக்கா இழைகளில் தொங்குகிறது. தரையின் அதிர்வெண் இரட்டித்தால் ஒவ்வொரு அடுக்கும் தான் கடத்தும் அதிர்வை நாலில் ஒன்றாக்க, நான்கும் சேர்ந்து 256-இல் ஒன்றாக்குகின்றன. அதற்கும் மேலே, பூகம்பமானிகள் சொல்லும் ஒவ்வொரு அசைவுக்கும் எதிரசைவு கொடுக்கும் மேடைகள் உள்ளன. அத்தகைய நிலையம் ஒன்று மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், ஔண்டா நாகநாத் அருகே அமைய 2023-இல் மத்திய அரசு முழு அனுமதி அளித்தது.

இவ்வளவு மகத்தான பிரயோகங்களுக்கிடையே, என் மனம் அதிகமாக நிலைப்பது கன்னிவாடிக்குச் சமீபத்திலுள்ள ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில், கேரளத்துக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் லாரிகளின் ஓட்டுநர் ஆசனத்தில்தான். காந்தத் திரவத் தணிப்பானின் முதல் வெற்றிகரமான வியாபாரப் பிரயோகங்களில் ஒன்று 1998-இல் அமெரிக்க லாரி ஓட்டுநர்களின் ஆசனமே என்பது தற்செயலன்று. மனித உடல், உட்கார்ந்த நிலையில், விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வுக்கு மிகவும் இளகிக்கொடுக்கிறது. முதுகெலும்பும் வயிற்றுறுப்புகளும் அந்த வேகத்தில் ஒத்தாடுகின்றன. வெறும் பஞ்சு மெத்தை வைத்த ஆசனமோ விநாடிக்கு 4 என்ற அளவில் தானே ஒத்ததிர்வதால், காக்க வேண்டிய இடத்தில் பெருக்கிக் கொடுக்கிறது. இதைவிட உயர்ந்த உபகரணம் எதைக் காப்பாற்றப் போகிறோம்?

தகவமையும் ஆசனம் இதை வேறு விதமாக நடத்துகிறது. அடியிலுள்ள மென்மையான வில் ஆசனத்தின் இயல்பு அதிர்வெண்ணை விநாடிக்கு இரண்டுக்கும் கீழே கொண்டுபோக, சமமான சாலையில் தணிப்பான் தளர்ந்தே இருக்கிறது. வேகத்தடையோ பள்ளமோ வந்து ஆசனம் தன் பயணத்தின் கோடியை நெருங்கும்போது, உணர்வி அதை முன்கூட்டி அறிந்து மின்சாரத்தைக் கூட்ட, திரவம் இறுகி, ஆசனம் கீழ்க்கட்டையில் மோதுமுன் வேகத்தைக் கரைத்துவிடுகிறது. மின்சாரம் அற்றுப்போனாலும் அது எண்ணெய்த் தணிப்பானாக மட்டும் நின்று தன் கடமையைக் குறைந்த அளவில் செய்யும். அதிலுள்ள வில், கம்பிச் சுருள், இரும்புத்தூள், ஒரு சிறு உணர்வி, ஒரு சில்லு ஆகியவற்றில் நம் நாட்டுத் தொழிற்சாலைகளால் செய்ய முடியாதது எதுவும் இல்லை. லாரியின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் அதன் விலையும் சிறியது. ஒரு நாளில் பத்து மணி நேரம் அந்த ஆசனத்தில் உட்கார்ந்து, இருபது ஆண்டுகள் ஓட்டும் ஒருவரின் முதுகெலும்பைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் சிறியது.